வெளிநாட்டு உதவிப் பணம்: யார் தருகிறார்கள், எப்படி வருகிறது, எங்கே முடங்குகிறது

"ஜப்பான் உதவியோடு குடிநீர்த் திட்டம்", "உலக வங்கி நிதியில் சாலை", "இலங்கைக்கு இந்தியா உதவி" என்று செய்திகள் வந்தபடி இருக்கின்றன. கேட்பவர்களில் ஒரு சாரார், பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தானம் செய்கின்றன என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார், வருகிற பணமெல்லாம் யார் பையிலோ போகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் படித்தவர்களே இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். பணம் எந்த ஏற்பாட்டில் வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் பேசுவதால் வரும் குழப்பம் இது.

நீலகிரிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. குந்தா மின் திட்டத்துக்கு இயந்திரங்கள் கனடாவிலிருந்து வந்தன. 1960களின் பிற்பகுதியில் இங்குள்ள உருளைக்கிழங்கு, காய்கறி விவசாயிகளுக்காக இந்தோ-ஜெர்மன் நீலகிரி மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்களில் சிலருக்கு இலங்கையின் ஹட்டன் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பது இந்தியாவின் உதவிப் பணம். வாங்கும் பக்கமும் கொடுக்கும் பக்கமும் இந்த மலைக்குத் தெரியும்.

## ஒரு தடுப்புச் சுவர், நான்கு உறவினர்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயியின் வீட்டுக்குக் கீழே இருந்த தடுப்புச் சுவர் நவம்பர் மழையில் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கட்ட 3 லட்சம் ரூபாய் வேண்டும். உறவினர்கள் உதவிக்கு வருகிறார்கள்.

அண்ணன் 50,000 ரூபாயைக் கையில் கொடுக்கிறார். திருப்பிக் கேட்கமாட்டார். இது மானியம்.

மைத்துனர் 1 லட்சம் தருகிறார். வட்டி இல்லை. ஐந்து வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்கிறார். சந்தை வட்டியைவிட மிகக் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் தரும் இப்படிப்பட்ட பணத்துக்குச் சலுகைக் கடன் என்று பெயர்.

சித்தப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு சிமென்டும் கம்பியும் எடுத்துக்கொள், ஆனால் என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்கிறார். அங்கே விலை கொஞ்சம் கூடுதல். இது கட்டுப்பட்ட உதவி, அதாவது கொடுப்பவர் சொல்கிற இடத்திலேயே பொருள் வாங்க வேண்டிய உதவி.

மாமா ஓய்வு பெற்ற என்ஜினீயர். பணம் தரவில்லை. வந்து நின்று, சுவரில் எத்தனை அடிக்கு ஒரு நீர்வடி துளை விட வேண்டும், துளைக்குப் பின்னால் ஜல்லி எப்படி நிரப்ப வேண்டும் என்று கொத்தனாருக்குக் காட்டுகிறார். இது தொழில்நுட்ப உதவி. நம் மலையில் தடுப்புச் சுவர் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் சுவரின் பலக்குறைவு இல்லை. பின்னால் மண்ணில் ஊறிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தள்ளுவதுதான். ஆகவே மாமா தந்த உதவி மற்ற மூவரின் பணத்தையும் காப்பாற்றக்கூடியது.

அக்கம்பக்கத்தில் "சொந்தக்காரர்கள் 3 லட்சம் கொடுத்தார்கள்" என்று பேசிக்கொள்வார்கள். திருப்பித் தர வேண்டாத பணம் அதில் எவ்வளவு? சித்தப்பா கடையில் கூடுதலாகப் போனது எவ்வளவு? அடுத்த மழைக்கு முன்னால் துளைகளில் அடைத்த மண்ணை எடுக்கப் போவது யார்? நாடுகளுக்கிடையே போகும் உதவியிலும் கேட்க வேண்டியவை இவைதான்.

## எதை வளர்ச்சி உதவி என்று கணக்கு எழுதுகிறார்கள்

ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டுக்குத் தரும் பணமெல்லாம் வளர்ச்சி உதவி ஆகாது. பாரிஸில் இருக்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1969ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. பணம் அரசுத் தரப்பிலிருந்து வர வேண்டும். பெறும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் மக்கள் நலனும் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். மானியமாகவோ சலுகைக் கடனாகவோ இருக்க வேண்டும். இவை பொருந்தினால் அது அதிகாரப்பூர்வ வளர்ச்சி உதவி. ராணுவத் தளவாடம் தருவது இதில் சேராது. தனியார் கம்பெனி வந்து ஃபேக்டரி போடுவதும் சேராது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணமும் சேராது.

உதவி பெறும் நாட்டை இப்போது பங்காளி நாடு என்று சொல்கிறார்கள். தலா வருமானத்தை வைத்து அந்த நாடுகளின் பட்டியல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இந்தியா இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு நாடு நேராக இன்னொரு நாட்டுக்குக் கொடுத்தால் இருதரப்பு உதவி. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள் வழியாக வந்தால் பலதரப்பு உதவி.

பணக்கார நாடுகள் தங்கள் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை இதற்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970ல் தீர்மானம் போட்டது. 2023ல் அந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 223 பில்லியன் டாலர். வருமானத்தில் 0.37 சதவீதம். அதாவது 1,000 ரூபாய் வருமானத்தில் 3 ரூபாய் 70 காசு. அந்த ஆண்டு 0.7 சதவீதத்தைத் தொட்டவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், ஜெர்மனி, டென்மார்க் என்ற ஐந்து நாடுகள் மட்டுமே. தொகையில் முதலிடம் பிடித்த அமெரிக்கா, வருமான விகிதத்தில் கால் சதவீதம்கூடத் தரவில்லை.

அந்த 223 பில்லியனும் ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால் இல்லை. ஒரு நாடு தன் எல்லைக்குள் வரும் அகதிகளுக்கு முதல் 12 மாதம் செய்யும் செலவையும் வளர்ச்சி உதவியாகக் கணக்கில் காட்ட விதி இடம் தருகிறது. உக்ரைன் போர் தொடங்கிய 2022ல் மொத்த உதவிக் கணக்கில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுக்கும் நாட்டிலேயே செலவானது. அகதிகளுக்குச் செலவு செய்வது நல்ல காரியம். ஆனால் அந்தப் பணத்தால் ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு கிணறும் தோண்டப்படவில்லை. தலைப்புச் செய்தியில் வரும் மொத்தத் தொகையை இதனால்தான் அப்படியே நம்பக்கூடாது.

சுருக்கமாக: அரசு தருவது, வளர்ச்சிக்காகத் தருவது, மானியமாக அல்லது சலுகைக் கடனாகத் தருவது. இதுதான் வளர்ச்சி உதவி. அறிவிக்கும் மொத்தத் தொகையில் ஒரு பகுதி எல்லை தாண்டுவதே இல்லை.

## 100 கோடி கடனில் உதவி எவ்வளவு

பலருக்கும் விளங்காத இடம் இது. கடன் எப்படி உதவியாகும்? திருப்பிக் கட்டத்தானே போகிறோம்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கோடி ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 1 சதவீதம். மொத்தம் 30 ஆண்டு. முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டாம், வட்டி மட்டும் போதும். இதைத் தவணை விடுப்பு என்று சொல்வோம். பதினோராம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 5 கோடி வீதம் 20 ஆண்டில் அசல் தீர்கிறது.

இன்று கையில் இருக்கும் 5 கோடியும் 25 ஆண்டு கழித்துக் கட்டப்போகும் 5 கோடியும் ஒன்றில்லை. பின்னால் கட்டும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு கழிவு விகிதம் வைத்துக் குறைப்பார்கள். இந்தியா இருக்கும் வருமானப் பிரிவுக்கு அந்த விகிதம் இப்போது 7 சதவீதம். அதன்படி முதல் பத்தாண்டு வட்டியின் இன்றைய மதிப்பு சுமார் 7 கோடி. அடுத்த இருபதாண்டில் கட்டும் அசலின் மதிப்பு சுமார் 27 கோடி. அந்தக் காலத்து வட்டியின் மதிப்பு சுமார் 3.4 கோடி. கூட்டினால் 37 கோடியும் சொச்சமும்.

100 கோடியை வாங்கி, இன்றைய மதிப்பில் 37 கோடியைத்தான் திருப்பித் தருகிறோம். மீதி சுமார் 63 கோடி கொடுப்பவர் விட்டுக்கொடுப்பது. இந்த விட்டுக்கொடுப்பின் விகிதத்துக்கு மானியக் கூறு என்று பெயர். 2018 ஆண்டுக் கணக்கிலிருந்து, கடன் கொடுத்தால் முழுத் தொகையை உதவி என்று எழுதாமல் இந்த மானியக் கூறை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. நம் பிரிவு நாடுகளுக்கு இது 15 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் கடன் உதவிக் கணக்கிலேயே வராது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு அந்த வரம்பு 45 சதவீதம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் சென்னை மெட்ரோ முதல் கட்டத்துக்கும் ஜப்பான் தந்தது கடன். மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயிலுக்கு 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டில் கட்டும்படி தர ஒப்புக்கொண்டதும் கடன். சலுகை மிகப் பெரியது. ஆனாலும் கடன்.

இந்தக் கணக்கில் வராத ஓர் ஆபத்து உண்டு. கடன் டாலரிலோ யென்னிலோ இருக்கும். நாம் வரி வசூலிப்பது ரூபாயில். 2000ல் ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். அன்று 1 கோடி டாலர் வாங்கியவர் கையில் வந்தது 45 கோடி ரூபாய். 2024ல் அதே 1 கோடி டாலரைத் திருப்பிக் கட்ட 84 கோடி ரூபாய் வேண்டும். வட்டி 1 சதவீதம் என்றாலும் ரூபாய் சரிவு சுமையைக் கூட்டிவிடுகிறது. இந்தியா இதை 1966 ஜூனில் ஒரே நாளில் பார்த்தது. டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்குப் போனது. அன்று இருந்த டாலர் கடனெல்லாம் ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது.

## குந்தாவுக்குக் கனடா தந்தது

கட்டுப்பட்ட உதவிக்கு நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு உதவ 1951ல் நடைமுறைக்கு வந்தது கொழும்புத் திட்டம். அதன் கீழ்தான் கனடா குந்தா நீர்மின் திட்டத்தின் தொடக்கக் கட்டங்களுக்கு மின் உற்பத்தி இயந்திரங்களும் தொழில்நுட்ப ஆட்களும் தந்தது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் மலையிறங்கி கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு மின் நிலையமாகச் சுழற்றிக்கொண்டு போகிறது. இன்று ஆறு மின் நிலையங்களும் சேர்ந்து 585 மெகாவாட் திறன்.

கனடா கொடுத்தது பெரும்பாலும் கனடாவில் செய்த இயந்திரம். அணைக்கு மண் வெட்டுவது, சுரங்கம் குடைவது, கூலி கொடுப்பது பெரும்பாலும் இந்தியத் தரப்பின் பொறுப்பு. கொடுத்த நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் கிடைத்தது, நமக்கு மின்சாரம் கிடைத்தது. இதில் இழிவு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய டர்பைன் இந்தியாவில் செய்ய முடியாது. வாங்க அந்நியச் செலாவணியும் இல்லை. தேவையும் கொடுப்பவரிடம் இருந்த பொருளும் பொருந்தின.

பொருந்தாதபோதுதான் தொல்லை. சித்தப்பா கடையில் விலை கூடுதல் என்பதுபோல, கட்டுப்பட்ட உதவி ஒரு திட்டத்தின் செலவை 15 முதல் 30 சதவீதம் வரை ஏற்றிவிடும் என்பது பாரிஸ் அமைப்பே ஒப்புக்கொண்ட மதிப்பீடு. அதைவிடப் பெரிய கஷ்டம் உதிரி பாகம். பம்பு ஒரு நாட்டு அளவில் இருக்கும். வாஷர் தேய்ந்தால் கோவையில் கிடைக்காது. இறக்குமதி செய்ய ஆறு மாதம் ஆகும். அதற்குள் ஊர் பழையபடி ஊற்றுக்குப் போய்விடும்.

அந்நாளில் இன்னொரு முறையும் இருந்தது. கனடா இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பியது. இந்திய அரசு அதை உள்நாட்டில் விற்று, வந்த ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, கிழக்கு இந்தியாவின் மயூராட்சி ஆற்றுத் திட்டத்தில் செலவிட்டது. அந்தத் திட்டத்தின் மசாஞ்சோர் அணைக்குக் கனடா அணை என்று பெயர் வந்தது இப்படித்தான். கனடா டாலர் ஒன்றுகூடக் கைமாறாமல் கோதுமை அணையானது. உதவி எப்போதும் நோட்டுக்கட்டாக வரும் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

## பணம் நடந்து வரும் வழி

வெளிநாட்டுக் கடன் ஒன்று தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு எப்படி வருகிறது? மாநில அரசு திட்டத்தைத் தயாரித்து மத்திய நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கு அனுப்பும். அவர்கள் ஏற்று, வெளிநாட்டு அமைப்பிடம் முன்வைப்பார்கள். அந்த அமைப்பின் ஆட்கள் வந்து பார்த்து, மதிப்பிட்டு, பேரம் பேசி முடிக்க ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். கடன் ஒப்பந்தத்தில் இந்திய அரசு கையெழுத்துப் போடும். 2005க்கு முன்பு மத்திய அரசு அந்தப் பணத்தைத் தன் விதிப்படி, சிறப்புப் பிரிவில் சேராத தமிழ்நாடு போன்ற பொது மாநிலங்களுக்கு 70 சதவீதம் கடனாகவும் 30 சதவீதம் மானியமாகவும் கொடுத்தது. 2005லிருந்து வெளிநாடு என்ன விதியில் தந்ததோ அதே விதியில் மாநிலத்துக்குக் கைமாற்றுகிறார்கள். மேலே சொன்ன ரூபாய் சரிவின் சுமை இப்போது மாநிலத்தின் தலையில்.

அடுத்தது இன்னும் முக்கியம். பெரும்பாலான திட்டங்களில் பணம் முன்கூட்டி வராது. மாநில அரசு முதலில் தன் பட்ஜெட்டிலிருந்து கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும். அந்த பில்களைக் காட்டிக் கணக்கு அனுப்பினால், டெல்லியில் உள்ள உதவிக் கணக்கு மற்றும் தணிக்கைக் கட்டுப்பாட்டு அலுவலகம் வழியாகச் செலவுத் தொகை திரும்பி வரும். மாநிலத்தின் கையில் பணம் இல்லாவிட்டால், வெளிநாட்டில் பணம் தயாராக இருந்தும் வேலை நின்றுவிடும். "அத்தனை கோடி வந்ததே, எங்கே போச்சு?" என்று கேட்கப்படும் பணத்தில் ஒரு பகுதி வரவே இல்லாத பணம். எடுக்காமல் வைத்தாலும் செலவு உண்டு. உலக வங்கியின் வழக்கமான கடனில், ஒப்புக்கொண்டு நீண்ட நாள் எடுக்காமல் விட்ட தொகைக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதக் கட்டணம் கட்ட வேண்டும்.

தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நன்கொடை வருவது வேறு வழி. அதற்கு 2010ன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தரவும் கூடாது. பெரிய நிறுவனம் வாங்கி, பந்தலூரில் இருக்கும் சிறு சங்கத்துக்குக் கொடுக்கும் பழைய வழி இதனால் அடைபட்டது. அரசு வாங்கும் கடனையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

## மலையில் திட்டம் ஏன் திணறுகிறது

திட்டச் செலவைச் சமவெளிக் கணக்கில் போடுவது முதல் தவறு. மணலும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மேலே வர வேண்டும். லாரி நிற்கும் ரோட்டிலிருந்து ஹட்டி, பாடி என்ற சிறு குடியிருப்புகளுக்குத் தலைச்சுமையாகப் போக வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கான்கிரீட் போட நல்ல காலம் ஆண்டில் சில மாதம்தான். வெளிநாட்டு அமைப்பின் நிதியாண்டும் நம் டெண்டர் கெடுவும் சேர்ந்து வேலையைச் சரியாக மழைக்குள் தள்ளிவிடும்.

பராமரிப்பு அடுத்தது. ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றும் சிறு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டும் செலவுக்கு உதவி கிடைக்கும். நவம்பரில் மண் சரிந்து குழாய் உடைந்தால் ஒட்டவைக்க ஆள் வேண்டும், வால்வு மாற்ற வேண்டும், தொட்டி கழுவ வேண்டும். 60 வீடு மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 3,000 ரூபாய். தண்ணீர் திறந்துவிடும் ஆளுக்கே அது போதாது. இந்தக் கணக்கைத் திட்டம் போடும்போதே ஊரோடு உட்கார்ந்து போடாவிட்டால், திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கும், குழாயில் காற்று வரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது நிலம். வீட்டுக்கோ கழிப்பறைக்கோ உதவி கொடுப்பவர் முதலில் கேட்பது பட்டா. ஜமீன் போன்ற பரம்பரை உரிமையில் இருந்த கூடலூர் ஜென்மம் நிலங்களை, உரிமையாளர் அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற 1969ல் சட்டம் வந்தது. அதன் 17வது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு இன்னும் பட்டா இல்லை. மின் இணைப்புக்கே அலைகிறார்கள். மிக ஏழையான குடும்பம்தான் காகிதமில்லாத நிலத்தில் இருக்கும். காகிதம் உள்ளவருக்கே உதவி என்று விதி வைத்தால், உதவி யாருக்காக என்று எழுதப்பட்டதோ அவரைத் தாண்டிப் போய்விடும். எவ்வளவு பணம் வந்தாலும் இந்த முடிச்சை வெளிநாட்டால் அவிழ்க்க முடியாது. நம் வருவாய்த் துறைதான் அவிழ்க்க வேண்டும்.

சுருக்கமாக: திருட்டு நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் திட்டங்கள் கெடுவதற்குப் பட்டா, பராமரிப்பு, மழைக்காலம், மாநிலத்தின் கைப்பணம் என்ற சாதாரணக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே பார்க்கலாம், சரிசெய்யவும் செய்யலாம்.

## தராசும் மகளிர் குழுவும்

உதவிப் பணத்தால் வறுமை குறைந்ததா? எங்கள் கணிப்பு: உள்ளூர் அரசு துணிந்து செய்யாத ஒன்றைச் சிறு அளவில் செய்து பார்க்க உதவி பயன்பட்டு, பலித்ததும் அரசே தன் செலவில் எடுத்துக்கொண்ட இடங்களில் மிக நன்றாகக் குறைந்தது. இரண்டுக்கு நம் மாநிலமே சாட்சி.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980ல் உலக வங்கிக் குழுமத்தின் சலுகைக் கடனில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு. எல்லோருக்கும் எல்லா நாளும் கொடுப்பதைவிடச் செலவு குறைவு, தேவைப்பட்ட குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன் எடை கூடவில்லை என்று தாயோடு பேசும் வேலையை ஊர்ப் பெண்களே செய்தார்கள். பின்னாளில் இது அங்கன்வாடி அமைப்போடு சேர்ந்தது.

மகளிர் சுய உதவிக் குழுவின் கதையும் இதேதான். 1989ல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதைத் தொடங்கியது. 15, 20 பெண்கள் சேர்ந்து சிறுகச் சேமிப்பது, தங்களுக்குள் கடன் கொடுப்பது, ஒழுங்காக நடந்தால் வங்கியில் கடன் வாங்குவது. சில மாவட்டங்களில் ஓடிப் பார்த்ததும் 1997ல் மாநில அரசு மகளிர் திட்டம் என்று தன் பணத்தில் விரித்தது. இன்று குன்னூரில் ஒரு பெண் குழுக் கடனில் தையல் மெஷின் வாங்கினால் அதில் வெளிநாட்டுப் பணம் ஒரு பைசா இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

உலக அளவில் பெரியம்மையை எடுத்துக்கொள்ளலாம். பல நாடுகளின் பணமும் நம் ஊர்த் தடுப்பூசி ஊழியர்களின் நடையும் சேர்ந்து 1980ல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. திரும்ப வரவில்லை.

## நாமும் கொடுக்கிறோம்

2003ல் இந்தியா, சிறு அளவில் உதவி தந்த பல நாடுகளிடம் இனி நேரடி உதவி வேண்டாம் என்று சொல்லி, சில பெரிய நாடுகளோடு மட்டும் தொடர்ந்தது. கொடுப்பதோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. மற்ற நாட்டு அலுவலர்களுக்கு இங்கே பயிற்சி தரும் ஐடெக் திட்டம் 1964லிருந்து நடக்கிறது. இந்திய ஏற்றுமதி–இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாகப் பல நாடுகளுக்குச் சலுகைக் கடன் போகிறது. அதிலும் பெரும்பகுதிப் பொருளை இந்தியாவில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சித்தப்பா கடை நமக்கும் இருக்கிறது. 2022ல் இலங்கை நெருக்கடியில் இந்தியா தந்த ஆதரவு சுமார் 4 பில்லியன் டாலர். பெரும்பகுதி கடன், எரிபொருள் வாங்கத் தந்த கடன் வசதி, தள்ளிவைத்த பாக்கி என்ற வடிவில். தமிழ்நாடு அரசு தனியாக 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, மருந்துகள் என்று அறிவித்து அனுப்பியது மானியம்.

1964ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரவே 1968ல் இங்கே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் லயன் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். இந்தியா மானியமாகக் கட்டித்தரும் வீடுகளில் இலங்கையின் வடக்கு, கிழக்குக்கு 46,000, தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்துக்கு 4,000. 2017 மே மாதம் நோர்வூட்டில் இன்னும் 10,000 அறிவிக்கப்பட்டது.

வடக்கு, கிழக்கில் வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். வேலை எந்தக் கட்டத்துக்கு வந்தது என்று பார்த்துத் தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். வீட்டைக் கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. அங்கே வேலை வேகமாக நடந்தது. மலையகத்தில் அப்படி முடியவில்லை. சரிவில் கட்டும் செலவு அதிகம் என்பதால் 9,50,000 ரூபாய் வைத்தார்கள். அதோடு நிலம் தோட்டத்துடையது. குடும்பத்தின் பெயரில் ஒரு துண்டுகூட இல்லை. 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) நிலம் பிரித்து உரிமை கொடுத்த பிறகுதான் அஸ்திவாரமே தோண்ட முடியும். பிறகு நெருக்கடி வந்து சிமென்ட் விலை ஏறியதில் தொகையையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பணம் தயாராக இருந்தும் ஆண்டுகள் கழிந்தன. கூடலூரில் பட்டாவுக்காக அலைந்தவர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்.

## இப்போது நடக்கும் வெட்டு

2025 ஜூலை 1 முதல் அமெரிக்காவின் உதவி முகமையான யு.எஸ்.எய்ட் தனியாக இயங்குவதை நிறுத்தியது. பிரிட்டன் 2013ல் 0.7 சதவீதத்தைத் தொட்டு, 2021ல் 0.5க்கு இறங்கி, 2027ல் 0.3 என்று அறிவித்திருக்கிறது. இந்தியா போன்ற நாட்டின் பட்ஜெட்டில் இது பெரிதாகத் தெரியாது. எச்.ஐ.வி. மாத்திரைக்கும் மலேரியா வலைக்கும் வெளிப்பணத்தை நம்பியிருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் மாத்திரை நடுவில் நிற்கிறது. நடுவில் நிறுத்திய மாத்திரையால் நோயாளியின் உடலில் கிருமி மீண்டும் பெருகுகிறது. மெதுவாக, அந்த நாட்டு அரசு எடுத்துக்கொள்ளும் வேகத்துக்கு ஏற்பக் குறைத்திருந்தால் உயிர்கள் தப்பும். ஒரே உத்தரவில் நிறுத்தியது பெரும் தீங்கு என்றே கருதுகிறோம்.

## அடுத்த அறிவிப்பு வரும்போது

நம் மாவட்டத்துக்கு "வெளிநாட்டு உதவியில்" ஒரு திட்டம் என்று செய்தி வந்தால், மானியமா கடனா என்று முதலில் பாருங்கள். கடனென்றால் எந்த நாணயம், என்ன வட்டி, எத்தனை ஆண்டு, தவணை விடுப்பு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பணம் எடுக்கக் கடைசி நாளும் இருக்கும். உலக வங்கியும் ஜப்பானின் உதவி முகமையான ஜைக்காவும் தங்கள் திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கைகளை இணையத்தில் போடுகின்றன. திட்டம் முடிந்த பின் எழுதப்படும் அறிக்கையும் அங்கே இருக்கும். அதில் பராமரிப்புக்கு ஆள் இருக்கிறார்களா, ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறார்களா என்று ஒரு பகுதி வரும். முழு அறிக்கையைப் படிக்க நேரமில்லாதவர் அந்தப் பகுதியை மட்டும் படிக்கலாம். மாவட்ட அளவிலான செலவு விவரம் வேண்டுமென்றால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மனுவில் "எவ்வளவு பணம் வந்தது" என்று மட்டும் கேட்டால் ஒரு வரியில் பதில் வந்துவிடும். எந்த ஊரில் எந்த வேலை, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, கடந்த மூன்று ஆண்டில் அதன் பராமரிப்புக்குச் செலவானது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.